படக்கொட்டகைப் பண்டமும் பாட்டாளி வீட்டுப் பிள்ளையும்

உழைக்கும் மக்கள் தங்கள் குடும்பத்தோடு படம் பார்க்கப் போவதை நாம் ஒருபோதும் குறை கூறமாட்டோம். அது அவர்களுடைய உரிமை. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கும், கணக்குப் புத்தகத்தில் கண் பூத்துப்போகிற கிராணிமார்களுக்கும் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது சிரிக்கவும் அழவும் ஓர் இடம் வேண்டும். தீபாவளிக்கு ஒரு படம், பள்ளி விடுமுறைக்கு ஒரு படம் என்று பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருக்கின்றன. அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. அந்த மகிழ்ச்சியைக் காட்டி நம் சட்டைப்பையிலிருந்தும், நம் பிள்ளைகளின் உடம்பிலிருந்தும் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியே எழுதுகிறோம்.

இன்றைய படக்கொட்டகை பெரும்பாலும் பட்டணத்துப் பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கிறது. டிக்கட் வாங்கிய பிறகு படம் ஓடும் கூடத்துக்கு நேராகப் போக முடியாது. வழியில் பண்டம் விற்கும் மேடை நிற்கிறது. வெண்ணெய் மணம் மூக்கைத் துளைக்கிறது. சோளப்பொரி வாளி வாளியாக அடுக்கப்பட்டிருக்கிறது. படத்தில் வரும் வீரனின் உருவம் பதித்த கோப்பையில் இனிப்புப் பானம் இருக்கிறது. "வெளியிலிருந்து உணவும் பானமும் கொண்டுவரக் கூடாது" என்ற அறிவிப்பும் பக்கத்திலேயே தொங்குகிறது. பிள்ளை கையை நீட்டுகிறது. தகப்பன் விலைப் பலகையைப் பார்க்கிறான். பின்னால் வரிசை நிற்கிறது. இந்த நிலையில் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்?

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி ஆகிறது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் அந்த மேடையில் 40 வெள்ளி கொடுத்தால், ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் போய்விட்டது. டிக்கட்டும் பஸ் செலவும் தனி. பொரியும் சீனித் தண்ணீரும் வாங்க ஒருவர் எத்தனை மரம் வெட்டவேண்டும், எத்தனை மங்குப் பால் எடுக்கவேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கச்சாங் பூத்தே காலம்

கொறிப்பதற்குப் பண்டம் இல்லாமல் நம் மக்கள் எந்தக் காலத்திலும் படம் பார்த்ததில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டித் தகவல் இலாகா வண்டிகள் படம் காட்டியதை மூத்தவர்கள் அறிவார்கள். 1946-ம் ஆண்டில் அமைந்த மலாயா பிலிம் யூனிட் எடுத்த படங்களை அந்த வண்டிகள் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோயின. பாய் விரித்து உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோனதைத் தின்றுகொண்டு பார்த்தார்கள்.

பட்டணத்துக் கொட்டகைகளின் வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர் நின்றிருப்பார். வறுத்த கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு ஆகியவற்றைப் பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுக் கொடுப்பார். இந்த நாட்டிலும் சிங்கப்பூரிலும் அந்தத் தொழிலைச் செய்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் ஈப்போ புந்தோங்கில் குடியேறி இந்தத் தொழிலை நடத்தியதால், அந்த இடத்துக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்ற பெயர் வந்தது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே வண்டியில் வாங்கித் தின்றார்கள்.

கச்சாங் பூத்தேயில் உப்பு இல்லையா, எண்ணெய் இல்லையா என்று கேட்டால், உண்டு. அதைத் தேவாமிர்தம் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் மூன்று வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். கடலையிலும் பருப்பிலும் உடம்புக்கு வேண்டிய சத்து இருந்தது. தாள் கூம்பு சிறியதாகையால் அளவு தானே அடங்கியது. விற்றவர் கொட்டகைக்கு வெளியே நின்றார். வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமானால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். இன்று அந்த மூன்றும் போய்விட்டன. சத்துக்குப் பதில் சீனியும் கொழுப்பும் வந்தன. கூம்புக்குப் பதில் வாளி வந்தது. வாசலில் நின்ற ஏழை வியாபாரிக்குப் பதில், உள்ளே வேறு கடையே இல்லாத தனி வியாபாரம் வந்தது.

பொரிக்குள் இருக்கும் இலாபம்

இது எப்படி வந்தது? அமெரிக்காவில் தொடக்ககாலப் படக்கொட்டகைக்காரர்கள் சோளப்பொரியை உள்ளே விடவே இல்லை. பெரிய நாடகசாலைகளைப் போலத் தங்கள் கூடங்கள் இருக்கவேண்டும், கம்பளத்தில் பொரி சிந்தக்கூடாது என்பது அவர்களுடைய எண்ணம். 1930-களில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லாத மக்கள் சில காசுகளுக்கு வாங்கக்கூடிய பண்டமாகப் பொரி இருந்தது. தெருவில் நின்றவர்கள் கொட்டகை வாசலில் விற்று நாலு காசு பார்த்தார்கள். அதைக் கண்ட கொட்டகை முதலாளிகள் முதலில் வாடகை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்; பிறகு அந்த வியாபாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சீனிக்குப் பங்கீடு வந்து மிட்டாய் அருகியது. பொரி மேலும் பெருகியது. ஏழைகளின் பசியாற்றும் பண்டமாக வந்தது, கொட்டகையின் முக்கிய வருமானமாக முடிந்தது.

காரணம் எளிது. டிக்கட் பணம் முழுவதும் கொட்டகைக்காரருக்குச் சேருவதில்லை. படத்தை வெளியிடும் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு போகிறது. கேளிக்கை வரியும் உண்டு. பண்டம் விற்ற பணத்தில் அப்படி யாருக்கும் பங்கு இல்லை. சோளம், எண்ணெய், சீனி, தண்ணீர், ஐஸ் கட்டி இவற்றின் அடக்க விலை மிகக் குறைவு. ஆகையால்தான் "இன்னும் இரண்டு வெள்ளி கொடுத்தால் பெரிய வாளி" என்று சொல்ல முடிகிறது. அந்த இரண்டு வெள்ளிக்கு அவர்கள் கூடுதலாகப் போடுவது சில காசு பெறுமான சோளம். நமக்கு மலிவாகத் தோன்றுவது அவர்களுக்கு நல்ல இலாபம். பிள்ளையின் வயிற்றுக்கோ அது தேவையில்லாத சுமை.

எவ்வளவு சுமை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 2009-ம் ஆண்டில் அமெரிக்காவில் பொதுநலனுக்காக உழைக்கும் ஓர் அறிவியல் மையம், பெரிய கொட்டகைக் குழுமங்களின் பொரியை வாங்கிப் பரிசோதித்தது. ஒரு குழுமத்தின் நடுத்தர அளவுப் பொரியிலேயே 1,200 கலோரியும், இருதயத்துக்குக் கேடான நிறைகொழுப்பு 60 கிராமும் இருந்தன. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டிய கலோரி ஏறக்குறைய அவ்வளவுதான். அது அமெரிக்க வாளி. நம் ஊர் வாளியின் அளவு வேறாக இருக்கலாம். வியாபார முறை ஒன்றே.

பிள்ளையைப் பிடித்தால் பெற்றோர் வருவர்

பெரியவர்களைக் கவர்வதற்குச் செய்யும் விளம்பரத்தை நாம் எதிர்த்து வாதாடலாம், வாங்காமல் விடலாம். பிள்ளைகளிடம் செய்யும் விளம்பரம் வேறு விதமானது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, தங்களை வாங்கவைப்பதற்காகவே இது காட்டப்படுகிறது என்று பிரித்தறியும் சக்தி இல்லை என அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் குழு ஒன்று 2004-ம் ஆண்டில் அறிவித்தது. பிள்ளை கதையையும் விளம்பரத்தையும் ஒன்றாகவே நம்புகிறது. தனக்குப் பிடித்த வீரன் கையில் வைத்திருக்கும் கோப்பை நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறது. அறியாத குழந்தையிடம் செய்யும் இந்த வியாபாரத்தை நியாயமான வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

படமும் பண்டமும் கைகோத்த வரலாறு நீண்டது. 1979-ம் ஆண்டில் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் பிள்ளைகளுக்கான உணவுப் பெட்டியை விளையாட்டுச் சாமானோடு விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் 'ஸ்டார் டிரெக்' படத்தோடு அந்தப் பெட்டியை இணைத்தது. 1982-ம் ஆண்டில் வந்த 'ஈ.டி.' படத்தில் ஒரு சிறுவன் வேற்றுலகப் பிராணியை மிட்டாய் போட்டு வீட்டுக்கு அழைத்துவருவான். அந்த மிட்டாயின் விற்பனை மளமளவென்று உயர்ந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கான பெரிய படம் எது வந்தாலும், அதன் முகத்தை ஏதாவது ஒரு பானத்திலோ பிஸ்கட்டிலோ ஒட்டுவது வழக்கமாகிவிட்டது.

கொட்டகையில் விளக்கை அணைத்த பிறகு காட்டும் விளம்பரத்துக்கு இன்னொரு பலம் உண்டு. வீட்டுத் தொலைக்காட்சியை அணைக்கலாம், எழுந்து போகலாம். கொட்டகையில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் எங்கே போவது? பெரிய திரை, பெரிய சத்தம், கண் கொட்டாமல் பார்க்கும் பிள்ளைகள்! படம் முடிந்து வீட்டுக்கு வந்தால் கைத்தொலைபேசியிலும் அதே வீரன், அதே பானம். நம் வீட்டுப் பிள்ளை அடம்பிடிப்பதாக நாம் அதட்டுகிறோம். அந்த அடத்தை உண்டாக்கப் படித்தவர்களும் பணமும் சேர்ந்து வேலை செய்திருப்பதை மறந்துவிடுகிறோம்.

சீனியின் கணக்கு

100 மில்லிக்கு 10 கிராம் சீனி கலந்த ஒரு பானத்தை எடுத்துக்கொள்வோம். அரை லிட்டர் கோப்பையில் ஐஸ் கட்டி போக முக்கால் பங்குதான் பானம் என்றாலும், அதில் 37 கிராம் சீனி இருக்கிறது. ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி. வீட்டில் தேநீரில் ஒன்பது கரண்டி சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற தாய் உண்டா? சேர்க்கப்படும் சீனி, நாம் உண்ணும் மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கவேண்டும், அதை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ம் ஆண்டில் கூறியது. வளர்ந்தவர்களுக்கே அந்த இரண்டாவது அளவு சுமார் 25 கிராம்தான். ஒரு படம் முடிவதற்குள் பிள்ளை அதைத் தாண்டிவிடுகிறது.

"எப்போதோ ஒரு நாள்தானே!" என்று சொல்வார்கள். படக்கொட்டகை மட்டும் என்றால் அந்த வாதத்தை நாமும் ஏற்போம். ஆனால் கொட்டகையில் பழகிய நாக்கு தோட்டத்துக் கடையிலும், பள்ளிக்கூட வாசலிலும், பட்டணத்துக் கடைத்தெருவிலும் அதையே தேடுகிறது. கொட்டகை விளம்பரத்தின் நோக்கமும் அதுவே. அன்று ஒரு நாள் விற்பது மட்டுமானால் இவ்வளவு செலவழித்து விளம்பரம் செய்யமாட்டார்கள். பிள்ளையை ஆயுட்கால வாடிக்கையாளனாக்குவதுதான் குறி.

இதன் விளைவு என்ன? சுகாதார அமைச்சு 2019-ம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 20-க்கு மேற்பட்டவர்கள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியவர்கள். வயிறு நிறைகிறது, உடம்பு வளரவில்லை. மலிவான சீனியும் மாவும் எண்ணெயும் செய்கிற வேலை இதுதான். நீரிழிவு நோயோ நம் இந்திய சமுதாயத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் இருப்பதாக அந்த ஆய்வு காட்டியது. நாட்டின் மற்ற இனத்தாரைவிட நம்மிடையேதான் அது அதிகம்.

நீரிழிவு என்றால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. காட்டில் முள் குத்திய கால் ஆறாது. புண் புரையோடும். விரல் போகும், சில வேளை காலே போகும். இந்த நாட்டில் சிறுநீரகம் கெட்டு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குக் காரணம் நீரிழிவே. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் மரம் வெட்டுவது எப்போது? குடும்பம் சாப்பிடுவது எப்போது? உடம்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கு உடம்பே மூலதனம். அந்த மூலதனத்தைப் பிள்ளைப் பருவத்திலேயே அரிக்கிற வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாது.

பழைய பாடங்கள்

ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இனிப்பை விற்று இலாபம் தேடுவது இந்த மண்ணுக்குப் புதியதல்ல. 1939-ம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து தாய்ப்பாலை மறக்கச் செய்தவர்களை அவர் கொலைக் குற்றத்துக்கு நிகராகக் கண்டித்தார். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் அவர் அப்படிப் பேசினார். 42 ஆண்டுகள் கழித்து, 1981-ம் ஆண்டில், தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விளம்பரம் செய்வதற்கு உலகச் சுகாதார சபை விதிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா ஒன்றுதான் எதிர்த்து வாக்களித்தது. உண்மை வெல்வதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. இடையில் எத்தனை குழந்தைகள்!

இன்னொரு பாடம் நம்முடைய சொந்தப் பாடம். 1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். 1947-ம் ஆண்டில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தினார்கள். "குடிப்பதும் குடிக்காததும் அவனவன் விருப்பம்" என்று அன்றும் சொன்னார்கள். கள்ளுக்கடை வருமானம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றும் சொன்னார்கள். நம் முன்னோர் அந்தப் பேச்சில் மயங்கவில்லை. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் பிடுங்க, சம்பளம் வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடையை வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். விருப்பம் என்பது தானாக வருவதில்லை. கடையை எங்கே வைக்கிறார்கள், வேறு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே விருப்பம் அமைகிறது.

பொரி கள்ளல்ல, ஒப்பிடுவது பொருந்தாது என்று யாராவது சொன்னால், போதையில் பொருந்தாது, முறையில் பொருந்தும் என்போம். கள்ளுக்கடை பெரியவர்களைப் பிடித்தது. இது பிள்ளைகளைப் பிடிக்கிறது.

சட்டம் செய்த நாடுகள்

கனடாவின் கியூபெக் மாநிலம் 1980-ம் ஆண்டு முதல் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நோக்கிய வாணிப விளம்பரத்தையே தடைசெய்திருக்கிறது. ஒரு விளையாட்டுச் சாமான் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989-ம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தென்னமெரிக்காவில் சில்லி நாடு 2016-ம் ஆண்டில் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களின்மேல் கறுப்பு முத்திரை குத்தச் சொன்னது. பிள்ளைகளைக் கவரும் பொம்மை உருவங்களை அந்தப் பெட்டிகளிலிருந்து அகற்றச் சொன்னது. 2018-ம் ஆண்டில் அத்தகைய பண்டங்களின் விளம்பரத்தைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொலைக்காட்சியிலும் படக்கொட்டகையிலும் தடுத்தது. கொட்டகையையும் பெயர் சொல்லிச் சேர்த்ததைக் கவனியுங்கள். முதற்கட்டச் சட்டம் வந்த பிறகே, சீனி மிகுந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

பக்கத்துச் சிங்கப்பூர் 2022-ம் ஆண்டு இறுதியில் பானங்களுக்குச் சீனியின் அளவுப்படி ஏ முதல் டி வரை தரம் குறித்தது. கடைசித் தரத்துப் பானங்களை விளம்பரம் செய்வதற்குத் தடை விதித்தது. இந்தத் திட்டம் வருகிறது என்று அறிந்ததுமே தயாரிப்பாளர்கள் சீனியைக் குறைக்க ஆரம்பித்தார்கள். 2017-ல் 7.1 விழுக்காடாக இருந்த நடுநிலை அளவு 2023-ல் 4.6 விழுக்காடாயிற்று. முடியாது, வியாபாரம் படுத்துவிடும் என்றவர்கள் எப்படி முடித்தார்கள்?

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2024-ல் 50 காசாகவும் 2025 ஜனவரியில் 90 காசாகவும் உயர்ந்தது. இதை வரவேற்கிறோம். ஆனால் விளம்பர விஷயத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் துரித உணவு விளம்பரத்துக்கு 2007-ம் ஆண்டில் கட்டுப்பாடு வந்தது. 2013-ம் ஆண்டில் பெரிய உணவு நிறுவனங்கள் சில, பிள்ளைகளுக்கு விளம்பரம் செய்வதில் பொறுப்போடு நடப்போம் என்று தாமாகவே உறுதிமொழி கொடுத்தன. தாமாகக் கொடுக்கும் உறுதிமொழியின் மதிப்பு நமக்குத் தெரியாததல்ல. கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கும்போதே உரிமையைப் பெறப் போராடவேண்டியிருக்கிறது. ஒப்பந்தமே இல்லாத வாக்குறுதியை நம்பி எந்தத் தொழிலாளி வேலைக்கு இறங்குவான்? தாமாக ஏற்கும் கட்டுப்பாடு போதாது, அரசாங்கங்கள் கட்டாயச் சட்டம் செய்யவேண்டும் என்றே உலகச் சுகாதார நிறுவனமும் 2023-ம் ஆண்டில் பரிந்துரைத்தது.

சிலர் கேட்பார்கள்

"சங்கத்துக்கு இது வேலையா? சம்பளத்தைப் பேசாமல் பொரியைப் பேசுகிறீர்களே!" என்று சிலர் கேட்பார்கள். சம்பளத்தை உயர்த்துவது ஒரு பாதி வேலை. உயர்ந்த சம்பளம் வீட்டில் தங்கும்படி செய்வது மறு பாதி. கூலியில் ஐந்து வெள்ளி கூட்டுவதற்கு மாதக்கணக்கில் பேச்சு நடத்துகிறோம். அந்த ஐந்து வெள்ளி ஒரு கோப்பைச் சீனித் தண்ணீரில் கரைவதைப் பேசுவது எப்படித் தவறாகும்?

"பிள்ளையை அடக்கவேண்டியது பெற்றோர் பொறுப்பு" என்பார்கள். பொறுப்பை நாம் மறுக்கவில்லை. பெற்றோர் உறுதியாக நிற்கவேண்டும். ஆனால் ஒரு பக்கம் களைத்துப்போன தாய். மறு பக்கம் கோடிக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனங்கள். இந்தச் சண்டை சமமானதா? தனி ஆளாக நின்று முதலாளியிடம் பேசமுடியாது என்பதால்தான் சங்கம் அமைத்தோம். இங்கும் தனித்தனிப் பெற்றோராக நின்றால் தோற்போம்.

"பண்ட வியாபாரம் இல்லாவிட்டால் கொட்டகையே மூடப்படும், அங்கே வேலை செய்பவர்கள் என்ன ஆவார்கள்?" என்பார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வியல்ல. அந்த மேடைக்குப் பின்னால் நின்று பொரி அள்ளுகிறவர்களும் தொழிலாளர்களே. நம் தோட்டங்களிலிருந்து பட்டணம் போன பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை. விற்பதை மாற்றச் சொல்கிறோம். சிறிய அளவு விற்கலாம். வறுத்த கடலையும், அவித்த சோளமும், பழமும் விற்கலாம். அவற்றுக்கும் ஆள் வேண்டும். அவற்றிலும் இலாபம் உண்டு.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, அரசாங்கம் பிள்ளைகளை நோக்கிய கேடான உணவு விளம்பரத்தைச் சட்டத்தின் மூலம் தடைசெய்ய வேண்டும். தொலைக்காட்சியோடு நில்லாமல் படக்கொட்டகை, கைத்தொலைபேசி, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் அந்தச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். பிள்ளைகள் பார்க்கத் தகுந்த படம் ஓடும் கூடத்தில் சீனிப் பானத்துக்கு விளம்பரம் இருக்கக்கூடாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இதுபற்றி நீண்ட காலமாகக் குரல் கொடுத்து வருகின்றன. தொழிற்சங்கங்களும் அந்தக் குரலோடு சேரவேண்டும்.

இரண்டாவதாக, கொட்டகைக்காரர்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் அதன் சீனி அளவைப் பெரிய எழுத்தில், தமிழ் உட்பட மக்கள் படிக்கும் மொழிகளில் எழுதிவைக்க வேண்டும். குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்கவேண்டும். பிள்ளைகளுக்கு வீட்டு உணவு கொண்டுபோவதைத் தடுக்கக்கூடாது. இது நடக்காத காரியமா? வெளி உணவைத் தடுக்கக் கொட்டகைக்காரர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த இந்திய உச்சநீதிமன்றமே, குடிதண்ணீரை இலவசமாகக் கொடுக்கவேண்டும், கைக்குழந்தைகளுக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவை அனுமதிக்கவேண்டும் என்றும் கூறியது. முதலாளியின் உரிமையை ஏற்றுக்கொண்ட நீதிமன்றமே தண்ணீரையும் குழந்தையையும் மறக்கவில்லை. நம் நாட்டுக் கொட்டகைக்காரர்கள் அந்த அளவாவது செய்யட்டும்.

மூன்றாவதாக, நம் கிளைகள் செய்யக்கூடியவை உண்டு. பள்ளி விடுமுறையில் சங்கக் கட்டிடத்திலோ தோட்ட மண்டபத்திலோ பிள்ளைகளுக்கு நல்ல படம் காட்டலாம். கடலை, சுண்டல், வாழைப்பழம், தண்ணீர் கொடுக்கலாம். செலவு அதிகமாகாது. மாதர் பகுதியினர் முன்வந்தால் ஒரு மாலையில் முடிகிற காரியம். கிராணிமார்கள் ஓர் உதவி செய்யலாம்: தோட்டத்துக் கடையில் விற்கும் பான டின்களின் எழுத்தைப் படித்து, எதில் எத்தனை கரண்டி சீனி என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நான்கு கிராமுக்கு ஒரு கரண்டி என்று கொண்டால் போதும். கணக்குத் தெரிந்தவர்களின் கணக்கு மக்களுக்கும் பயன்படட்டும்.

நான்காவதாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை விட்டுப் புறப்படுமுன் பிள்ளைகளை வயிறார உண்ணச் செய்து அழைத்துச் செல்லுங்கள். பசியோடு போகும் பிள்ளைக்கு எதைப் பார்த்தாலும் கேட்கத் தோன்றும். என்ன வாங்குவோம், எவ்வளவு வாங்குவோம் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நான்கு பேருக்கு ஒரு சிறிய பொட்டலம் போதும். வாங்கிக் கொடுத்தால்தான் அன்பு என்று நம் மனத்தில் பதிய வைத்ததும் அந்த விளம்பரம்தான். நாம் சிறுவயதில் பெறாததைப் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் நாம் பெறாதவற்றில் கொடுக்கத் தகுந்தவை எத்தனையோ உள்ளன. ஒரு மாதம் மிச்சப்படுகிற 40 வெள்ளியில் கதைப் புத்தகம் வாங்கலாம், பந்து வாங்கலாம், ஒரு வாரத்துக்கு முட்டையும் கீரையும் மீனும் வாங்கலாம்.

படம் பார்ப்போம். பிள்ளைகளோடு சிரிப்போம். கூடத்துக்கு வெளியே நமக்கு வைத்திருக்கும் வலையில் மட்டும் விழாமலிருப்போம். அந்த வலையைச் சட்டத்தால் அறுக்கும்படி அரசாங்கத்தைக் கேட்போம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். தீர்மானம் நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். கள்ளுக்கடையை எதிர்த்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் பிள்ளைகளின் உடம்பைக் காப்பதற்கு நாம் தவிர வேறு யார் வருவார்கள்?